இறக்கத்தில் லோ கியர் தானாகக் கழன்று விடுகிறது: பழைய ஜீப்பின் டிரான்ஸ்ஃபர் கேஸ்

மேல்மலைக்காரன்:
அனைவருக்கும் வணக்கம். எங்களிடம் பழைய சிஜே 3பி ஜீப் ஒன்று இருக்கிறது. மூன்று கியர் கொண்ட பெட்டியும் அதன் பின்னால் ஸ்பைசர் 18 டிரான்ஸ்ஃபர் கேஸும் (எஞ்சின் விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) மாற்றப்படாமல் அப்படியே உள்ளன. கொடைக்கானல் மேல்மலையில் தோட்டத்திலிருந்து பூண்டு மூட்டைகளைத் தார்ச்சாலை வரை கொண்டு சேர்ப்பதுதான் அதன் வேலை. லோவில் (வேகம் குறைந்து இழுவிசை கூடும் கியரில்) போட்டு மேடேறும்போது ஒரு குறையும் தெரிவதில்லை; ஆனால் இறக்கத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் ‘டக்’கென்ற ஓசையுடன் லிவர் நியூட்ரலுக்கு வந்து, எஞ்சின் பிடிப்பு இல்லாமல் வண்டி உருளத் தொடங்குகிறது. கைபிரேக் டிரம்மின் அடியில் எண்ணெயும் சொட்டுகிறது. உள்ளே இருக்கும் பல்சக்கரங்கள் அனைத்தையும் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். சென்ற ஆண்டு எண்ணெய் சீல் மாற்றுவதற்காக ஒரு முறை பெட்டியைப் பிரித்தார்கள். அதற்குப் பிறகு, முன் அச்சு லிவரை விடுவித்த நிலையிலும் லோ விழுகிறது, அதாவது கியர் பொருந்துகிறது. எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

பழைய இரும்பு:
விடையில் பாதி உங்கள் கடைசி வரிகளிலேயே இருக்கிறது, ஐயா. இந்தப் பெட்டியில் முன் அச்சு இணைந்திருந்தால்தான் லோ விழ வேண்டும். கியரை நகர்த்தும் இரண்டு ஷிஃப்ட் ராடுகளுக்கும் நடுவே மாத்திரை வடிவில் ஒரு சிறு எஃகுத் துண்டு இருந்து அதை உறுதி செய்கிறது; லோவின் 2.46 மடங்கு முறுக்கு முழுவதும் பின் அச்சின் மீது மட்டும் விழாமல் காப்பதும் அதுவே. உங்கள் வண்டியில் அது இல்லை. சிலர் வேண்டுமென்றே எடுத்துவிடுவதுண்டு. ஆனால் பிரித்து மாட்டிய பிறகுதான் இப்படி ஆனது என்பதால், தொலைந்தது அது மட்டும்தானா என்று நான் சந்தேகப்படுவேன். ராடை அதன் பள்ளத்தில் நிறுத்தும் குண்டும் ஸ்பிரிங்கும் சரியாக மாட்டப்படாவிட்டாலும், ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும், பள்ளத்தின் விளிம்பு மழுங்கியிருந்தாலும், சுமை திசை மாறும் அந்தக் கணத்தில், அதாவது நீங்கள் காலை எடுக்கும்போது, கியர் நழுவும்.

பெட்டியை இறக்குவதற்கு முன் இன்னொன்றையும் பாருங்கள். கியர்பெட்டியைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் அமுங்கிப்போயிருந்தால், லிவர் தரைத்தகட்டின் துளை விளிம்பில் இடித்து, லோ முழுவதுமாக விழாமலே நிற்கும். பல் பாதியளவே பொருந்தியிருக்கும்போது கியரைக் குறை சொல்லிப் பயனில்லை. லோவில் போட்டுவிட்டுத் தரைக்கும் லிவருக்கும் இடையே விரல் நுழைகிறதா என்று பாருங்கள்.

லேத் பட்டறை:
மேலே சொன்னவற்றோடு, பின் அச்சுக்கு விசையைக் கொண்டு செல்லும் பின் அவுட்புட் ஷாஃப்ட்டின் ஆட்டத்தையும் அளக்க வேண்டும். நழுவும் கியர் அந்த ஷாஃப்ட்டின் மேல்தான் இருக்கிறது. டேப்பர் பேரிங் தேய்ந்து ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகர்ந்தால் கியரும் கூடவே நகரும், சீலும் நிலைக்காது. அளவு 0.10 முதல் 0.20 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதிகமாக இருந்தால், பின்புறக் கைபிரேக் தகட்டின் அருகே உள்ள சிம்களை (மெல்லிய இடைத்தகடுகளை) எடுத்து சரிசெய்யலாம். ஆனால் பேரிங் குழிவிழுந்திருந்தால் சிம் எடுப்பது வீண்வேலை.

எண்ணெய்க் கசிவை சீலின் தலையில் மட்டும் போடாதீர்கள். நடு ஷாஃப்ட் பெட்டியின் துளையில் தளர்ந்திருந்தாலும் அதன் பின்முனை வழியே கசியும். இந்த ஷாஃப்ட்டின் விட்டம் காலத்திற்கேற்ப மாறியிருக்கிறது. கையில் இருப்பதை அளந்துவிட்டு உதிரிபாகம் வாங்குங்கள், இல்லையேல் ஊசி பேரிங் பொருந்தாது.

ஓர் எச்சரிக்கை: இந்த ஜீப்பில் கைபிரேக் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்முனையில் இருக்கிறது. அதைப் பின் அச்சோடு இணைக்கும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றிய நொடியிலேயே கைபிரேக் இல்லாமல் போகும். சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கரத்திற்கும் கட்டை கொடுக்காமல் அடியில் படுக்காதீர்கள்.

மேல்மலைக்காரன்:
இருவருக்கும் நன்றி. நேற்று திறந்து பார்த்தோம். லிவருக்கும் தரைக்கும் இடையே போதிய இடைவெளி இருந்தது, மவுண்டில் குறையில்லை. எஃகுத் துண்டு இல்லவே இல்லை. ஒரு ஸ்பிரிங் இரண்டாக முறிந்து கிடந்தது. ராடின் லோ பள்ளம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பின் ஷாஃப்ட்டின் ஆட்டம் 0.45 வந்தது. பேரிங்கில் குழி எதுவும் இல்லாததால் சிம்களைக் குறைத்து 0.15க்குக் கொண்டு வந்துவிட்டோம். பல்சக்கரங்களின் முனைகளை மெக்கானிக்கும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, மாற்றத் தேவையில்லை என்று ஒப்புக்கொண்டார். எண்ணெயில் ஊறிய கைபிரேக் ஷூக்களையும் மாற்ற வேண்டியதாயிற்று. புது ராடு வரும் வரை வண்டி வீட்டு வாசலில்தான் நிற்கும். பூண்டு மூட்டைகளுக்குப் பக்கத்துத் தோட்டத்தாரின் டிராக்டரைக் கேட்டிருக்கிறேன்.