முதல்முறை வானம் பார்த்தவர்கள்: உங்கள் அனுபவம்?

தட்டட்டிவாசி:

அறிவியல் புனைகதை எழுத்தாளர் அசிமோவ் 1941-இல் எழுதிய ஒரு கதையில் கிரகத்துக்கு ஆறு சூரியன். 2,049 வருஷத்துக்கு ஒருமுறைதான் அங்கே இருட்டும். அன்றைக்கு முதல்முறையாக நட்சத்திரங்களைப் பார்க்கிறவர்களுக்குப் பித்துப் பிடித்துவிடுகிறது. கல்லூரியில் படித்தபோது ரொம்ப மிகை என்று நினைத்தேன். அப்புறம் காரைக்குடியில் ஒரு கரண்ட் இல்லாத ராத்திரி, தட்டட்டியில் (மொட்டை மாடியில்) பாய் விரித்துப் படுத்திருந்தோம். சென்னையிலேயே வளர்ந்த அக்கா மகள், "என்ன மாமா மேல இவ்வளவு கொட்டிக் கிடக்கு" என்று போர்வையை முகம் வரை இழுத்துக்கொண்டாள்.

வளவுக்காரன்:

போர்வையை இழுத்ததை நம்புகிறேன். கதைகளில் அடைபட்டுக் கிடந்தவர்கள் பாதிப் பேர் வெளியே வந்ததும் இரண்டு கையையும் விரித்து அண்ணாந்து நின்று அழுகிறார்கள் பாருங்கள், அதைத்தான் நான் இப்போது நம்புவதில்லை.

போன மே விடுமுறை. கானாடுகாத்தான் பக்கம் அப்பத்தா வீடு. வெயிலில் வெளியே விட முடியாத ஐந்து வாண்டுகளுக்குக் கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோவின் குகைக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். சிறு வயதிலிருந்தே காலையும் கழுத்தையும் கட்டிப்போட்ட கைதிகள். எதிர்ச் சுவரில் விழும் நிழல்தான் அவர்களுக்கு உலகம். "அப்ப நாமளும் கைதியா விளையாடலாம்" என்றான் பெரியவன்.

வளவை (தூண்கள் சூழ்ந்த நடு முற்றத்தை) ஒட்டிய அறையில் கதவைச் சாத்தினால் நடுப்பகலிலும் கும்மிருட்டு. சாவித் துவாரம் கட்டைவிரல் அகலம். அதன்மேல், தீக்குச்சி நுழையும் அளவுக்கு ஓட்டை போட்ட அட்டையை ஒட்டினேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கண் பழகியதும், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த அந்த வழவழச் சுவரில் வளவு முழுக்கத் தலைகீழாக விழுந்திருந்தது. தூண்கள் மேலிருந்து தொங்கின. வானம் தரையோரம் நீலத் துண்டாகக் கிடந்தது. அப்பத்தா வற்றல் தட்டோடு உச்சியில் நடந்து போனார்.

போவது யார் என்று முதலில் சொல்பவருக்கு ஒரு மாவுருண்டை. பிளேட்டோவின் கைதிகளுக்கும் இதே விளையாட்டுதான். அடுத்து எந்த நிழல் வரும் என்று சரியாகச் சொன்னால் பரிசு உண்டு.

அரை மணி கழித்து ஏழு வயசுக்காரனை 'விடுதலை' செய்தேன். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்று முன்பே மிரட்டியிருந்தேன். அதற்கு அவசியமே இருக்கவில்லை. முழங்கையால் முகத்தை மூடினான், இரண்டு தும்மல் போட்டான், கண்ணில் நீர் வடியத் தரையின் ஆத்தங்குடிக் கல்லைப் பார்த்தபடியே நின்றான். அப்புறம் முற்றத்துப் பித்தளை அண்டாவுக்குள் எட்டிப் பார்த்து, "சித்தப்பா, தண்ணிக்குள்ள மேகம்!" என்றான். குகையை விட்டு வெளியே வரும் கைதியின் கண் பழகுவதற்குப் பிளேட்டோ சொல்லும் வரிசையும் அதுதான்: முதலில் நிழல், பிறகு தண்ணீரில் தெரியும் பிம்பம், பிறகு பொருள்கள், இரவு வானம், சூரியன் கடைசியில். சுமார் 2,400 வருஷத்துக்கு முந்தைய மனிதர்!

"ஆஞ்சநேயர் குட்டியா இருக்கும்போது சூரியனைப் பழம்னு தாவினாரே, அவருக்குக் கண் கூசலையா?" என்றான். வற்றல் தட்டிலிருந்து நிமிராமலே அப்பத்தா, "அவருக்குப் பசிடா."

திரும்ப அறைக்குள் வந்தவனுக்குச் சுவரில் எதுவும் தெரியவில்லை. மற்ற நாலும் "பூனை! அப்பத்தா! பால்காரர்!" என்று கத்தி மாவுருண்டையை அள்ளிக்கொண்டிருக்க, இவன் தடவித் தடவி வந்து ஒருத்தியின் காலை மிதித்தான். "வெளிய போய்க் கண்ணைக் கெடுத்துக்கிட்டு வந்துட்டான்" என்று ஒரே சிரிப்பு. சத்தியமாக நான் சொல்லிக்கொடுக்கவில்லை. பிளேட்டோவின் கதையிலும் குகைக்குத் திரும்பி வரும் கைதியைப் பார்த்து மற்றவர்கள் இப்படித்தான் சிரிப்பார்கள்; அந்த இடத்துக்கு நான் இன்னும் வரவே இல்லை.