ஃபியூஸ் போகவே இல்லை, வயர்தான் எரிந்தது

சாட்ஸ்வொர்த் சிட்டிகால்ஃப்:
தைப்பூசம் முடிந்து டர்பன் பக்கம் தொங்காட்டிலிருந்து என்2 நெடுஞ்சாலையில் திரும்பிக்கொண்டிருந்தோம். பின்சீட்டில் ஆயா, முன்னால் இடப்பக்கம் என் மகள். 9 வயது. உம்ஷ்லாங்கா தாண்டியதும் "அப்பா, கால் சுடுது" என்றாள். காவடி கூட வெறுங்காலோடு நடந்த பிள்ளை, அந்தச் சூடுதான் என்று நினைத்து விட்டுவிட்டேன். இரண்டு நிமிடத்தில் பிளாஸ்டிக் கருகும் வாடை. ஓரம் கட்டி, இருவரையும் இறக்கிவிட்டு கார்ப்பெட்டைத் தூக்கினால், பாட்டரியிலிருந்து ஆம்ப்புக்கு (பாட்டுச் சத்தத்தைக் கூட்டும் ஆம்ப்ளிஃபையர்) போகும் சிவப்பு வயரின் தோல் குமிழ் குமிழாக எழும்பி உருகிக்கொண்டிருந்தது. பாட்டரியைக் கழற்ற வேண்டும், பத்தாம் நம்பர் ஸ்பேனர் கைக்குக் கிடைக்கவில்லை. டிக்கியில் தேங்காய், பூத்தட்டு எல்லாவற்றையும் ரோட்டில் இழுத்துப் போட்டுத் தேடினேன்.

கழற்றிய பிறகு ஃபியூஸ் மூடியைத் திறந்து பார்த்தேன். 150 ஆம்பியர் ஏஎன்எல், போல்ட் வைத்து முறுக்கும் தட்டை ஃபியூஸ். வாங்கிய அன்று எப்படி இருந்ததோ அப்படியே முழுசாக இருந்தது. இன்றுவரை மனதை அரிப்பது அதுதான்.

சீட் ஓடும் இரும்புத் தண்டு வயரின் தோலை மெல்ல மெல்ல அறுத்து, உள்ளே இருந்த செம்பு காரின் பாடியைத் தொட்டிருக்கிறது. வயர் 8 கேஜ் (கேஜ் எண் கூடக் கூட வயர் மெல்லியது). "பெரிய ஃபியூஸ் போட்டால் அடிக்கடி போகாது" என்று பொருத்திய இடத்தில் சொன்னார்கள், நானும் சரி என்றேன். வேறு யாருக்காவது இப்படி ஆனதுண்டா?

வெருலம்வாசி:
பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லையே அண்ணா, அது போதும். எனக்கு நடந்தது இதற்குத் தலைகீழ். ஃபீனிக்ஸில் மச்சான் கல்யாணம், மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு என் கார்தான். கண்ணாடி ஃபியூஸ், 40 ஆம்பியர். பாட்டில் பேஸ் அடி இறங்கும்போதெல்லாம் போய்விடும். மூன்றாவது தடவை ரோபோவில் (சிக்னலில்) நிற்கும்போது பாட்டு நின்றது, பின்னால் எல்லோரும் ஹாரன் அடிக்கிறார்கள். சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித்தாளை ஃபியூஸில் சுற்றி மாட்டிவிட்டேன். அன்று இரவு முழுக்க, மாப்பிள்ளையையும் பெண்ணையும் வைத்துக்கொண்டு, அப்படியே ஓட்டினேன். உங்கள் பதிவைப் படித்ததும் கை நடுங்கியது.

ஆம்ப்பிலேயே இருக்கும் ஃபியூஸ்களைக் கூட்டி, அதே அளவைப் பாட்டரிப் பக்கம் போட வேண்டும் என்று அப்புறம் கற்றுக்கொண்டேன். என்னுடையதில் 30 இரண்டு, ஆக 60. வயர் எதுவானாலும் கணக்கு அவ்வளவுதான்.

ஐசிபிங்கோ மாமா:
தம்பி, "வயர் எதுவானாலும்" என்று மட்டும் சொல்லாதே. அதைப் படித்து யாராவது செய்துவிடுவார்கள்.

என் கதை சின்னது. கடலோரம் குடியிருக்கிறோம், உப்புக் காற்று. கண்ணாடி ஃபியூஸின் பிடிப்பில் பச்சை பூத்து, தொடர்பு தளர்ந்து, அந்த இடமே சூடாகி ஃபியூஸ் கூடு பழுப்பாக வளைந்துவிட்டது. ஃபியூஸ் அறுந்திருக்கவில்லை. அன்றோடு போல்ட் வைத்து முறுக்கும் ஏஎன்எல் பக்கம் வந்துவிட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பாட்டரிப் பக்கத்து ஃபியூஸ் ஆம்ப்பைக் காக்க வைப்பதில்லை, ஆம்ப்புக்குத்தான் அதிலேயே ஃபியூஸ் இருக்கிறதே. இது வயருக்கு. நம்பர் போடும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்த வயர் எவ்வளவு தாங்கும் என்பது. 5 மீட்டருக்குள், சுத்தச் செம்பு என்றால் 8 கேஜ் 50, 60 ஆம்பியர் வரை. 4 கேஜ் 100-க்கு மேல். செம்பு பூசிய அலுமினியம் என்றால் அதில் மூன்றில் இரண்டு பங்குதான் நம்பலாம், அல்லது ஒரு அளவு பெரிய வயர் வாங்க வேண்டும். 8 கேஜில் 150 ஆம்பியர் ஃபியூஸ் போட்டால், 100 ஆம்பியர் ஓடி வயர் வெந்தாலும் ஃபியூஸுக்கு அது சாதாரணம்தான். அண்ணனுடைய காரில் நடந்தது அதுவே.

பெட்டியில் 1200 வாட் என்று அச்சடித்திருப்பதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், ஆர்எம்எஸ் பாருங்கள், அதாவது ஆம்ப் தொடர்ந்து தரும் வாட். 600 வாட் ஆர்எம்எஸ், கிளாஸ் டி வகை ஆம்ப், 80 சதவீதத் திறன் என்று வைத்தால் 750 வாட் இழுக்கும். 13.8 வோல்ட்டால் வகுத்தால் 54 ஆம்பியர். அதே 600 வாட் கிளாஸ் ஏபி வகையில் 60 சதவீதம்தான் தேறும், 72 ஆம்பியர் ஆகிவிடும். அதைத் தாராளமாகச் சுமக்கும் வயரை முதலில் எடு, அப்புறம் ஆம்ப்பின் தேவைக்குக் குறையாமலும் வயரின் எல்லையைத் தாண்டாமலும் ஃபியூஸ் போடு. உன் 60 சரியாக அமைந்தது, வயர் அதைத் தாங்கியதால்தான். மெல்லிய வயரில் அதே 60 ஆபத்து.

ஃபியூஸ் பாட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதற்கு முன்னால் உள்ள துண்டு வயருக்குப் பாதுகாப்பே கிடையாது. இன்ஜின் பக்கத்துத் தகட்டில் வயர் நுழையும் ஓட்டையில் ரப்பர் வளையம் கட்டாயம்.

லெனேஷியா அக்கா:
எல்லோரும் ஃபியூஸையே பேசுகிறீர்கள், ஆம்ப்பிலிருந்து கார் பாடிக்குப் போகும் எர்த் வயரை யாரும் தொடவில்லை. என் மகன் காரில் பாட்டு விட்டு விட்டு வந்தது. அவனும் நானும் பின்சீட்டைத் தூக்கிப் பார்த்தோம். சீட் பெல்ட்டின் போல்ட்டைக் கழற்றி, அதன் அடியில் எர்த் வயரின் வளையத்தைச் சொருகியிருந்தார்கள். நான் விரலால் தொட்டேன், போல்ட் சுற்றியது. விரலாலேயே. மூன்று மாதம் அந்தப் பெல்ட்டைத்தான் அவன் தங்கை போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனாள்.

பாடியில் தனியாக ஓட்டை போட்டு, பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் இரும்பில் முறுக்க வேண்டும். பவர் வயர் எவ்வளவு தடிமனோ எர்த்தும் அவ்வளவு. சீட் பெல்ட் போல்ட்டை எதற்காகவும் தொடக் கூடாது.

டாக்ஸி தம்பி:
எங்கள் குவாண்டம் டாக்ஸி வேனில் பின்னால் இரண்டாவது பாட்டரி. நடுவில் வயர் தேய்ந்து பாடியைத் தொட்டதும் முன்பக்க ஃபியூஸ் ஒழுங்காகப் போனது. தப்பித்தோம் என்று இறங்கினேன், புகை நிற்கவில்லை. பின் பாட்டரி அந்தப் பக்கமிருந்து ஊட்டிக்கொண்டே இருந்தது, அங்கே ஃபியூஸ் இல்லை. இரண்டு பாட்டரி என்றால் வயரின் இரண்டு முனையிலும் ஃபியூஸ் வேண்டும், மாமா சொல்ல விட்டது இது.

சாட்ஸ்வொர்த் சிட்டிகால்ஃப்:
மாமா, நீங்கள் சொன்ன பிறகு எரிந்த வயரில் எரியாத ஒரு துண்டை அறுத்துப் பார்த்தேன். ஒரு இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம். மேலே செம்பு, உள்ளே அலுமினியம். முதலில் செம்பு என்று எழுதியிருந்தேன், தவறு. இப்போது சுத்தச் செம்பு 4 கேஜ், என் ஆம்ப்பில் 40 இரண்டு இருப்பதால் 80 ஆம்பியர் ஃபியூஸ், பாட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்தில். சீட்டுக்கு அடியில் போகாமல் கதவோரமாக, குழாய்க்குள் விட்டு இழுத்தேன். எர்த்தை இந்த வாரம் பார்த்துவிடுகிறேன் அக்கா.

மகளை உட்கார வைத்து ஒரு சுற்று போய் வந்தேன். பாட்டை அவளே போடச் சொன்னாள். ஆனால் வீடு வரும்வரை கால் இரண்டையும் சீட்டின் மேல் மடித்து வைத்துக்கொண்டுதான் இருந்தாள்.