மூக்கில் ரத்தம் வருகிறது, இன்னும் எத்தனை நாள் பார்ப்பது?

கேள்வி:
எங்கள் காப்பகத்துக்கு ஆறு நாளுக்கு முன்னால் ஒரு பெட்டை நாயைத் தூக்கி வந்தார்கள், எலும்பும் தோலுமாக. காது மடலைத் திருப்பினால் உள்ளே ஆமணக்கு விதை மாதிரி உப்பிய உண்ணிகள். ரத்தம் எடுத்துப் பார்த்த மருத்துவர் எர்லிக்கியா, அதாவது உண்ணிக் காய்ச்சல் என்றார். ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் அணுக்கள் 14 ஆயிரம்தான். டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை ஆரம்பித்து நான்கு நாள் ஆகிறது, பொடித்துப் பாலில் கலந்து கொடுக்கிறோம், வேறு எதையும் முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை. நேற்று ராத்திரி தும்மியதில் மூக்கிலிருந்து ரத்தம் வந்து போர்வையெல்லாம் நனைந்துவிட்டது. எங்களில் பாதிப் பேர் இதற்கு மேல் இழுக்க வேண்டாம், கருணைக் கொலை செய்துவிடலாம் என்கிறார்கள். நான் பக்கத்தில் போனால் வால் நுனி மட்டும் லேசாக அசைகிறது. எத்தனை நாள் பொறுக்கலாம்?

பதில் 1:
முதலில் பாலை நிறுத்துங்கள். அதிலுள்ள கால்சியம் டாக்சிசைக்ளினைப் பிடித்துக்கொள்ளும், கொடுத்ததில் ஒரு பங்கு உடம்பில் சேராமலே போய்விடும். வெறும் மாத்திரையாக விழுங்க வைத்தால் பின்னாலேயே தண்ணீர் கொடுங்கள், இல்லாவிட்டால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாகும். நான்கு நாளை வைத்து மருந்து கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. அப்புறம், நாய் எழுந்து ஓட ஆரம்பித்தாலும் 28 நாள் முழுசாகக் கொடுக்க வேண்டும். நாங்கள் ஒரு தடவை 10வது நாளில் நிறுத்திவிட்டு, இரண்டு மாதம் கழித்து அதே நாயை மறுபடி தூக்கிக்கொண்டு ஓடினோம். பிளேட்லெட் இவ்வளவு குறைந்திருக்கும்போது தசையில் ஊசி போட்டால் உள்ளே ரத்தம் கட்டும், வேறு வழி இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். காய்ச்சலுக்கு என்று மனிதர்களுக்கான பாராசிட்டமால், இபுபுரூஃபன் எதையும் நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள், தயவுசெய்து.

பதில் 2:
பிசிவி, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்று யாரும் கேட்கவில்லையே! ஈறு வெள்ளைத்தாள் மாதிரி இருந்தால் மருந்து வேலை செய்யும்வரை தாங்க ரத்தம் வேண்டும். நாய்களுக்கு முதல் தடவை ஏற்றும்போது பெரும்பாலும் பிரச்சினை வராது, வேறு வகை ரத்தத்துக்கான எதிர்ப்பு நம்மைப் போல் அவற்றுக்குப் பிறவியிலேயே இருப்பதில்லை. இரண்டாவது தடவை என்றால் பொருத்தம் பார்த்தே ஆக வேண்டும். பெபீசியாவுக்கும் சோதனை செய்யுங்கள், அதுவும் உண்ணி கொண்டுவருவதுதான், டாக்சிசைக்ளின் மட்டும் போதாது. சாப்பிட ஆரம்பித்தால் பாவம் என்று தட்டு நிறைய வைக்காதீர்கள். நாள்பட்ட பட்டினிக்குப் பிறகு திடீரென்று நிறையச் சாப்பிட்டால் ரத்தத்தில் பாஸ்பரஸ் சரிந்து அதுவே உயிரை எடுத்துவிடும்.

பதில் 3:
கொஞ்சம் கசப்பாகச் சொல்கிறேன். வால் அசைவதை வைத்து முடிவெடுக்காதீர்கள். நான் ஒரு நாயை மூன்று வாரம் அப்படித்தான் இழுத்தேன். எலும்பு மஜ்ஜையே நின்றுபோயிருந்தது, வெள்ளணு, சிவப்பணு, பிளேட்லெட் மூன்றும் தரையில், மருத்துவர் சொல்லியும் என் காதில் ஏறவில்லை. கடைசி ஒரு வாரம் எனக்காகத்தான், அதற்காக இல்லை. உங்களுக்கு இன்னும் அந்த நிலை வந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் வலியில் இருக்கிறதா, மூச்சு வாங்குகிறதா என்று தினமும் ஒரே ஆள் எழுதி வையுங்கள். ஆளாளுக்குப் பார்த்தால் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள்.

கேட்டவர்:
பாலை நிறுத்திவிட்டோம். பிசிவி 13. பெபீசியா இல்லை. எங்களிடமே 32 கிலோ நாய், முரடன் ஒருவன் இருக்கிறான், அவனுக்கும் உண்ணி நோய்கள் இல்லை என்று சோதித்த பிறகு நேற்று மாலை அவன் ரத்தத்தை ஏற்றினார்கள். இன்று காலை வேகவைத்த கோழி, இரண்டு விரல் அளவு, என் கையிலிருந்தே எடுத்துக்கொண்டது. இன்னும் கேட்டது, கொடுக்கவில்லை. கருணைக் கொலைப் பேச்சைப் பத்து நாள் தள்ளி வைத்திருக்கிறோம். அவள் கூண்டுக்குப் பின்னால் சுவர் விரிசலில் உண்ணிகள் ஊர்கின்றன, அதற்கு என்ன அடிக்கலாம்?

பதில் 2:
நாய்களை வெளியேற்றிவிட்டு மருந்தடியுங்கள், எதை அடிப்பது என்று மருத்துவரிடமே கேளுங்கள். அடித்து முடித்ததும் விரிசலைச் சிமெண்ட் வைத்துப் பூசிவிடுங்கள். ஒரு பெண் உண்ணி அங்கே ஆயிரக்கணக்கில் முட்டை வைக்கும், ஒரு தடவை அடித்தால் தீராது. முரடனையும் பாருங்கள், அவன் காதுக்குள்ளும்.