புதுப்பிப்பு: கொல்லைப்புறம் வழியே குறுக்கே போகும் பிள்ளைகள்

தெருப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் அவசரத்தில் எங்கள் கொல்லைப்புறத்தைக் குறுக்குவழியாக்கி, கனகாம்பரப் பாத்தியை மிதித்துத் துவைக்கிறார்கள் என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன். மதில்மேல் கண்ணாடிச் சில்லு பதிக்கச் சொன்னவர்களே அதிகம்; ஏறுவது எட்டு வயதுப் பிள்ளை என்பதால் எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஒருநாள் காலை கிணற்றடியில் நின்று விசாரித்தபோது, "முக்குல லாரி திரும்புது தாத்தா, அம்மாதான் இப்படிப் போகச் சொன்னாங்க" என்றாள் ஒரு சிறுமி. செருப்பு கையில் இருந்தது. பாத்தி கெடக்கூடாதென்று கழற்றினாளாம்!

நடக்க விட்டால் நாளை அது அவர்கள் உரிமையாகிவிடுமோ என்று கேட்டதற்கு, தெரிந்த வழக்கறிஞர் ஒருவர், அடுத்தவர் நிலத்தைப் பயன்படுத்தும் உரிமை பற்றிய 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் 15ஆம் பிரிவின்படி, தடையின்றி, வெளிப்படையாக, உரிமை என்ற முறையில் 20 ஆண்டுகள் நடந்துவந்த பாதையே வழியுரிமையாக முடியும் என்றும், நாம் அனுமதித்து நடப்பது அந்தக் கணக்கில் சேராது என்றும் விளக்கினார். ஆகவே மதிலோரம் மூன்றடி அகலத்துக்குச் செங்கல் பரப்பி, முன்னும் பின்னும் சிறு இரும்புக் கதவு வைத்து, "உரிமையாளர் அனுமதியுடன் மட்டும்" என்று பலகையும் மாட்டிவிட்டேன். பள்ளி நேரத்தில் மட்டுமே திறந்திருக்கும். கிணற்றுக்கு வலை மூடி போட்டதில்தான் செலவில் பாதி போயிற்று.

கொய்யா மட்டும் இன்னும் பழுக்கும் முன்பே காணாமல் போகிறது.