தரங்கம்பாடிக் காற்று தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்

வரும் சனி, ஞாயிறு தரங்கம்பாடியில், டேனிஷ் கோட்டைக்கு முன்னால் நண்பர்கள் சேர்ந்து சின்னதாக விண்ட்சர்ஃபிங் (பாய் கட்டிய பலகையில் நின்று கடலில் ஓட்டுவது) பந்தயம் வைத்திருக்கிறோம். காற்றுதான் தலைவலி. காலையில் கச்சான், அதாவது கரையிலிருந்து வீசும் மேற்குக் காற்று, ஆளைக் கடலுக்குள் தள்ளுகிறது. மாஸ்ட் (பாய்மரம்) முறிந்தால் கரை சேர்வது கஷ்டம். மதியம் அது அடங்கி, பாய் தொங்கிப்போகும். அப்புறம் திடீரென்று தென்கிழக்கிலிருந்து கடல்காற்று! கரையோரம் காற்றுக்கு மேலே (காற்று வரும் பக்கம்) போட்ட திருப்பு மிதவை காற்றுக்குக் கீழே (காற்று போகும் பக்கம்) ஆகி, பந்தயப் பாதையே தலைகீழ்.

இந்த ஆடியில் கடல்காற்று எத்தனை மணிக்கு ஏறுகிறது? செயலி சொல்வதைவிட, நாகை, பூம்புகார் பக்கம் தொழிலுக்குப் போகும் அண்ணன்கள் சொன்னால் நம்புவேன். 6.5 சதுர மீட்டர் பாய் போதுமா, 7.5 கட்டலாமா? மணல் தரையில் மிதவை இழுபடாமல் நிற்க என்ன நங்கூரம் போடுவீர்கள்? பாதுகாப்புக்கு ஒரு ஃபைபர் படகும் வேண்டும். டீசலும் கூலியும் எங்கள் பொறுப்பு.