‘எப்போதும் டிஎன்எஸ்தான்’ என்று சொல்லும் ஞானிகளுக்கு

பாயான்_லெப்பாஸ் · 25 அக்டோபர் 2025, இரவு 10:40

இன்று செந்தூலில் ஒரு தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்குப் போயிருந்தேன். பினாங்கிலிருந்து காரோட்டி வந்தவனுக்கு இட்லியும் ஆட்டிறைச்சிப் பிரட்டலும் கிடைத்தன, கூடவே ஓர் உபதேசமும் கிடைத்தது. வீட்டுக்காரர் கையில் தட்டை வைத்துக்கொண்டு பத்துப் பேர் நடுவில் நின்று சொல்கிறார்: “அமேசான் கிளவுட் ஏன் விழுந்தது தெரியுமா? டிஎன்எஸ். எப்போதும் டிஎன்எஸ்தான்.” எல்லாரும் சிரித்தார்கள். ஒரு வரி நிரல் எழுதத் தெரியாத அவருடைய மைத்துனர்தான் அதிகமாகச் சிரித்தார்.

விருந்தாளியாகப் போன இடத்தில் வாயைத் திறக்கவில்லை. இங்கே திறக்கிறேன்.

அமேசான் தன் கணினிகளை இணையம் வழியாக வாடகைக்கு விடுவதுதான் கிளவுட். பெயரைச் சொன்னால் கணினியின் எண் முகவரியைத் தருவது டிஎன்எஸ். அக்டோபர் 20 அன்று வெர்ஜினியாவில் உள்ள அமேசான் தரவு மையங்களில், டைனமோடிபி என்ற தரவுத்தளச் சேவையின் பெயருக்கு முகவரி இல்லாமல் போனது உண்மை. அதற்காக டிஎன்எஸ் மீது பழி போடுவது, கோயில் அறிவிப்புப் பலகையில் பூசை நேரம் இல்லை என்பதற்காகப் பலகை செய்த தச்சனை அடிப்பதற்குச் சமம். கேட்டார்கள், பலகை காட்டியது. வெறுமையாக இருந்தது என்றால் வெறுமையாக்கியவனைப் போய்க் கேளுங்கள்.

செந்தூல்_சேகர் · இரவு 10:52

அந்த வீட்டுக்காரர் நான்தான். அண்ணன் வாயைத் திறக்கவில்லை என்பது பொய். பிரட்டல் சட்டி சாட்சி.

பெயரைச் சொன்னால் எண் வர வேண்டும். வரவில்லை. அதற்குப் பெயர் டிஎன்எஸ் கோளாறு. காய்ச்சலில் கிடப்பவனிடம் போய், உனக்குக் காய்ச்சலே இல்லை, கொசுதான் இருக்கிறது என்று சொல்வீர்களா அண்ணே?

பாயான்_லெப்பாஸ் · இரவு 10:55

டெங்கி என்றால் கொசுவுக்குத்தான் புகை அடிப்பார்கள். நீங்கள் தெர்மாமீட்டருக்குப் புகை அடிக்கிறீர்கள்.

பிரிக்பீல்ட்ஸ்_பையன் · இரவு 11:03

அங்கிள், அதிகம் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி யாருமே பேசவில்லையே. ஏய்ட் ஸ்லீப் என்று ஒரு மெத்தை இருக்கிறது. இணையத்தோடு இணைந்தது, சூட்டையும் குளிரையும் அதுவே சரிசெய்யும். அன்றைக்கு கிளவுட் விழுந்ததும் சிலருக்கு மெத்தை சூடாகவே நின்றுவிட்டதாம், சிலருக்குத் தலைப்பக்கம் தூக்கியபடியே இறங்க மறுத்ததாம். எங்கள் பாட்டி கோரைப்பாயில் படுத்தார். ஒரு நொடிகூடத் தடங்கல் இல்லை.

செந்தூல்_சேகர் · இரவு 11:05

மெத்தைக்கும் டிஎன்எஸ்தான் காரணம்.

பாயான்_லெப்பாஸ் · இரவு 11:31

இல்லை. நிதானமாக ஒருமுறை எழுதிவிடுகிறேன், பிறகு யாரும் கேட்கக்கூடாது. அமேசானே விளக்க அறிக்கை வெளியிட்டிருக்கிறது. படித்தவர்கள் கை தூக்குங்கள். தெரியும், யாரும் இல்லை.

கோயில் பலகையையே வைத்துக்கொள்வோம். ஐயர் அவ்வப்போது புதிய பூசைப் பட்டியல் எழுதித் தருகிறார். அமேசானில் முகவரிப் பட்டியல் தயாரிக்கும் நிரலான பிளானர் அவர்தான். அதைப் பலகையில் ஒட்ட மூன்று தொண்டர்கள் இருக்கிறார்கள். ஒருவர் வராவிட்டாலும் மற்றவர் ஒட்டட்டும் என்பதற்காக மூன்று பேர். பட்டியலை டிஎன்எஸ்ஸில் ஏற்றும் நிரலான எனாக்டர் அவர்கள்தான். மூவரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வதில்லை. முதல் தொண்டர் ஒரு பட்டியலோடு கிளம்பி வழியில் எங்கோ மாட்டிக்கொள்கிறார். அதற்குள் ஐயர் பல புதிய பட்டியல்கள் எழுதிவிட்டார். இரண்டாம் தொண்டர் ஆகப் புதியதை ஒட்டிவிட்டு, பழையவற்றைக் கிழித்துப்போடக் கிளம்புகிறார். அந்த நேரம் பார்த்து முதல் தொண்டர் வந்து சேர்ந்து, தன் கையிலிருந்த பழைய பட்டியலைப் புதியதன் மேல் ஒட்டுகிறார். கிளம்பும்போது பார்த்த தேதி அவருக்குச் சரியாகத்தான் இருந்தது. வந்து சேர்ந்த பிறகு அவர் மறுபடி பார்க்கவில்லை. இரண்டாமவர் வருகிறார், ‘இது பழசு’ என்று கிழிக்கிறார். பலகை மொட்டை. இனி எந்தப் பட்டியலை ஒட்ட வந்தாலும் பலகை ஏற்காது, மனிதர் ஒருவர் வந்து கையால் சரிசெய்ய வேண்டும் என்ற நிலை.

இதற்குப் பெயர் ரேஸ் கண்டிஷன். இரண்டு நிரல்கள் முந்தியடித்துக்கொண்டு ஒன்றின் வேலையை மற்றொன்று கெடுத்தன. பலகை மீது தவறு இல்லை.

செந்தூல்_சேகர் · இரவு 11:38

நன்றாக விளக்கினீர்கள். ஒரே ஒரு சந்தேகம். அறிக்கையில் அந்த ஐயருடைய முழுப்பெயர் ‘டிஎன்எஸ் பிளானர்’. தொண்டர்களின் முழுப்பெயர் ‘டிஎன்எஸ் எனாக்டர்’. இரண்டிலும் முதல் சொல் என்ன என்று படித்தவர்கள் சொல்லவும்.

பாயான்_லெப்பாஸ் · இரவு 11:40

ஜார்ஜ்டவுனில் ஒருவர் கடைக்குக் ‘கோலாலம்பூர் ஸ்டோர்’ என்று பெயர் வைத்தால் கடை கோலாலம்பூருக்கு நகர்ந்துவிடுமா?

செந்தூல்_சேகர் · இரவு 11:41

அந்தக் கடையில் தீப்பிடித்தால் செய்தியில் கோலாலம்பூர் ஸ்டோர் எரிந்தது என்றுதான் வரும்.

சொற்கடை · இரவு 11:58

கிளவுட் அன்று, மேகக்கணிமை. இத்தனை பதிவுகளில் ஒருவருக்காவது நாவில் வரவில்லை.

செந்தூல்_சேகர் · நள்ளிரவு 12:01

மேகம் என்று பெயர் வைத்தால் கலையாமல் என்ன செய்யும் ஐயா.

இரவுப்பணி · 26 அக்டோபர், காலை 7:15

பலகை, தச்சன், ஐயர் எல்லாரையும் படித்துவிட்டேன். அன்றைக்கு நான் எங்கே இருந்தேன் என்றும் கேளுங்கள்.

எங்கள் குழுவில் தீபாவளி கொண்டாடுகிறவள் நான் ஒருத்திதான். அவசர அழைப்புப் பட்டியலில் அக்டோபர் 20 யாருடைய பெயரில் இருந்தது? என் பெயரில். மேலாளரிடம் கேட்டேன். “அமெரிக்காவில் அப்போது ஞாயிறு இரவு, எதுவும் நடக்காது” என்றார். பிற்பகல் 2:48. அமெரிக்க மேற்குக் கரையில் ஞாயிறு இரவு 11:48. மாமியார் வீட்டில் அப்போதுதான் இலை போட்டிருந்தார்கள். மாடிப்படியில் மடிக்கணினியோடு உட்கார்ந்தேன். 5:25க்கு டைனமோடிபியின் பெயர் திரும்பி வந்தது. முடிந்துவிட்டது என்று பட்டுப்புடவையை மாற்றப் போனேன். புதிய சர்வர் எதையும் எழுப்ப முடியவில்லை என்று மறுபடி அலாரம். விடியற்காலை 4:50 வரை அதே படி. மேலாளர் மறுநாள் பத்து மணிக்கு ஒரு விளக்குப் படம் அனுப்பி வாழ்த்துச் சொன்னார்.

காரணம் எதுவாக இருந்தால் எனக்கென்ன? அந்தப் பட்டியல் போட்டவரைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

பாயான்_லெப்பாஸ் · காலை 7:22

தங்கச்சி, மிக்க நன்றி. இதைத்தான் நேற்றிலிருந்து சொல்கிறேன். 5:25க்குப் பெயர் சரியாகிவிட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். டிஎன்எஸ்தான் காரணம் என்றால் 5:26க்கு நீங்கள் பாயசம் குடித்திருக்க வேண்டும். இன்னும் பதினோரு மணி நேரம் ஏன் விழித்திருந்தீர்கள்? சர்வர்களை நிர்வகிக்கும் மென்பொருள் தேங்கிப்போன வேலையில் மூச்சுத் திணறியது. அதற்கும் பலகைக்கும் என்ன சம்பந்தம்?

இரவுப்பணி · காலை 7:24

நான் கேட்டது அதுவல்ல.

செந்தூல்_சேகர் · காலை 8:10

முதல் தடுக்கல் டிஎன்எஸ். மற்றவை உருண்டு விழுந்தவை. அக்கா சொன்னது எனக்குத்தான் சாதகம்.

பிரிக்பீல்ட்ஸ்_பையன் · காலை 9:30

ஒரு கேள்வி. காரணம் என்று எதைச் சொல்கிறீர்கள்? கடைசியாக உடைந்ததையா, முதலில் தவறியதையா? அதை முடிவுசெய்துவிட்டால் இரண்டு பேரும் ஒன்றைத்தான் சொல்கிறீர்கள் போலிருக்கிறதே அங்கிள்.

பாயான்_லெப்பாஸ் · காலை 9:33

முதலில் அங்கிள் என்பதை நிறுத்து தம்பி. அண்ணன் என்று சொல். சேகரும் நானும் ஒரே வயது, அவரை நீ அண்ணன் என்கிறாய்.

பிரிக்பீல்ட்ஸ்_பையன் · காலை 9:36

அவருடைய படத்தில் முடி இருக்கிறது அங்கிள்.

சரி, வேறு ஒன்று. 2024 ஆகஸ்டிலேயே அமேசான் மலேசியாவில் தன் தரவு மையங்களுக்குத் தனி வட்டாரம் திறந்துவிட்டது. நாம் ஏன் இன்னும் வெர்ஜினியாவை நம்பிக்கொண்டிருக்கிறோம்?

இரவுப்பணி · காலை 9:50

திறந்தது சரி. ஆனால் பயனர் அனுமதிகளை மாற்றுவது போன்ற உலகப் பொதுவான சில வேலைகள் இன்றும் வெர்ஜினியாவைத் தொட்டுத்தான் வருகின்றன. வீடு மாற்றினாலும் சாவி பழைய வீட்டுக்காரரிடம்.

பாயான்_லெப்பாஸ் · காலை 10:15

கோலாலம்பூர்க்காரர்களுக்கு இதெல்லாம் புரியாது. நீங்கள் திரையில் பொத்தான் வரைபவர்கள். இண்டல் 1972இல் பினாங்குக்கு வந்தது. சிப் செய்த மண்ணில் வளர்ந்தவன் அடியிலிருந்து மேலே பார்ப்பான்.

செந்தூல்_சேகர் · காலை 10:21

சிப் நாங்களும் செய்கிறோம் அண்ணே, மரவள்ளிக்கிழங்கில். நேற்று ஒரு பொட்டலம் எடுத்துப்போனீர்கள்.

பழைய உறுப்பினர்களுக்கு ஒரு நினைவூட்டல். 2021 அக்டோபர் 4 அன்று பேஸ்புக் ஆறு மணி நேரம் படுத்தபோது இதே அண்ணன் இதே இடத்தில் “டிஎன்எஸ் இல்லை, பிஜிபி” என்று விடிய விடிய எழுதினார். டிஎன்எஸ் அவருக்குச் சொந்தத்தில் யாரோ என்று அன்றைக்கே சந்தேகம்.

பாயான்_லெப்பாஸ் · காலை 10:29

பிஜிபிதான், அதாவது இணையத்தில் எந்த வலையமைப்புக்கு எந்த வழியில் போவது என்று அறிவிக்கும் முறை. இன்றைக்கும் சொல்வேன். பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளையில் அவர்களுடைய முதுகெலும்பு இணைப்பு முழுவதும் அறுந்தது. தரவு மையங்களை எட்ட முடியவில்லை என்று கண்டதும் டிஎன்எஸ் சர்வர்கள் தங்கள் பாதை அறிவிப்பைத் தாங்களே திரும்பப் பெற்றுக்கொண்டன. அவை தங்கள் கடமையைச் செய்தன.

செந்தூல்_சேகர் · காலை 10:30

‘டிஎன்எஸ் சர்வர்கள்.’ அவர் வாயாலேயே. குறித்துக்கொள்ளுங்கள்.

பாயான்_லெப்பாஸ் · காலை 10:44

டிஎன்எஸ் என்பது மோக்கபெட்ரிஸ் என்ற கணினி அறிஞர் 1983இல் வடிவமைத்த ஏற்பாடு. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக உலகமே அதன்மேல் நடக்கிறது. நேற்று முளைத்த தானியங்கி நிரல் ஒன்று பட்டியலைக் கிழித்துப்போட்டதற்கு அதைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள். பலகை மீது தவறு இல்லை.

தண்ணீர்மலை_தாசன் · காலை 11:05

எந்தக் கோயில் பலகை? எங்கள் கோயிலில் மூன்று தொண்டர்கள் ஒரே வேலையைச் செய்வதில்லை. மூன்று வேலையை ஒரே தொண்டர் செய்கிறார், அது நான். ஐயர் நாளுக்கு நாலு பட்டியல் எழுதுவார் என்பதும் அவதூறு. அதோடு தைப்பூசத்துக்குத் தங்க ரதம் வந்த ஆண்டிலிருந்து

[இப்பதிவின் மீதி நீக்கப்பட்டது.]

நிர்வாகி · காலை 11:09

தங்க ரதமா வெள்ளி ரதமா என்ற பேச்சு இங்கே வேண்டாம். சென்ற முறை அதனால் பதினோரு பேர் விலகினார்கள். கிளவுட்டைப் பற்றி மட்டும் பேசவும்.

சொற்கடை · காலை 11:10

மேகக்கணிமை.

பாயான்_லெப்பாஸ் · காலை 11:34

கோயில் என்றால் சிலருக்குப் புண்படுகிறது போலும். பஸ் நிலையத்தின் நேரப் பலகை என்று மாற்றி வாசித்துக்கொள்ளுங்கள். தவறு அதன்மீதும் இல்லை.

செந்தூல்_சேகர் · பிற்பகல் 1:02

அண்ணே, எல்லாம் இருக்கட்டும். பலகாரம் கட்டிக் கொடுத்த எவர்சில்வர் டின் என் மனைவியுடையது. திரும்பி வர வேண்டும். முகவரி தெரியும்தானே? இல்லையென்றால் டிஎன்எஸ்ஸைக் கேளுங்கள்.

இரவுப்பணி · பிற்பகல் 1:40

நவம்பர் மாதப் பணிப்பட்டியல் வந்துவிட்டது. கிறிஸ்துமசுக்கு யார் என்று இப்போதே முடிவாகிவிட்டதாம். யாரும் கேட்கப்போவதில்லை என்று தெரியும், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

பாயான்_லெப்பாஸ் · 19 நவம்பர் 2025, காலை 6:05

இந்த இழையை வேண்டுமென்றேதான் எழுப்புகிறேன். நேற்று மாலை 7:20க்கு, பல இணையத்தளங்களுக்கு முன்னால் காவல் நிற்கும் கிளவுட்ஃபிளேர் விழுந்தது, பாதி இணையம் தெரியவில்லை. காரணமும் வந்துவிட்டது. தரவுத்தளத்தில் ஓர் அனுமதியை மாற்றினார்கள். பாட்களை, அதாவது மனிதர் இல்லாமல் தளங்களுக்குள் வரும் தானியங்கி நிரல்களை, அடையாளம் காண உதவும் கோப்பில் ஒரே வரிகள் மறுபடி மறுபடி ஏறி அளவு இருமடங்கானது. 200 அம்சங்களுக்கு மேல் தாங்காத நிரல் அப்படியே உட்கார்ந்துவிட்டது. இதில் எங்கேயாவது டிஎன்எஸ் இருக்கிறதா? ‘எப்போதும்’ என்று சொன்னவர் எங்கே? பத்துப் பேர் முன்னால் சொன்னதை அதே பத்துப் பேர் முன்னால் திரும்பப் பெற வேண்டும். மைத்துனரும் இருக்க வேண்டும்.

செந்தூல்_சேகர் · காலை 6:48

டின் எங்கே?