போப் கல்லறையில் "தமிழ் மாணவன்" எங்கே?

பழையஏடு:
நேற்று ஒருவர் படத்தோடு போட்டிருந்தார்: ஜி.யு. போப் கல்லறையில் 'இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்' என்று செதுக்கியிருக்கிறதாம். கீழே வரிசையாகக் கும்பிடு. கல்லறை ஆக்ஸ்ஃபோர்டில், செயின்ட் செப்பல்கர் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. கல்லில் பெயர், 1820 ஏப்ரல் 24 பிறப்பு, 1908 பிப்ரவரி 11 இறப்பு, தமிழும் தெலுங்கும் கற்பித்தவர், பேலியல் கல்லூரியின் சாப்ளின் (கல்லூரி தேவாலயக் குரு), குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் வைத்த கல். எல்லாம் ஆங்கிலத்தில். மாணவன் எங்கே?

தேரிக்காட்டான்:
வந்துவிட்டார் நக்கீரர். அண்ணாச்சி, நாங்கள் சாயர்புரத்துக்காரர்கள். போப் செமினரி (மிஷன் பயிற்சிப் பள்ளி) நடத்திய ஊர். பாட்டையா காலத்திலிருந்து சொல்லிவருவது பொய்யா?

பழையஏடு:
பாட்டையா ஆக்ஸ்ஃபோர்டு போய் வந்தாரா? கல்லில் இல்லை.

மலைக்கோட்டை:
மாணவன் கிடக்கட்டும், வாத்தியார் எடுத்த பிரம்பையும் செதுக்கச் சொல்லுங்கள். அவருடைய கண்டிப்பைக் குறையாகச் சொன்னவர் கால்டுவெல்லே.

தேரிக்காட்டான்:
கால்டுவெல்லை ஏன் இழுக்கிறீர்கள்? போன வருஷமும் இதே வேலையைத்தான் செய்தீர்கள். 1839இல் வெஸ்லியன் மிஷனில் வந்து, அப்புறம் ஆங்கிலிக்கன் குருவாகி, இந்த வெயிலில் கிடந்து தமிழ் படித்தவர் ஐயா அவர்.

மலைக்கோட்டை:
படித்துவிட்டு என்ன எழுதினார்? 1886 குறள் மொழிபெயர்ப்பு முன்னுரையில், வள்ளுவர் மயிலாப்பூரில் கிறிஸ்தவப் போதனை கேட்டிருப்பார் என்று ஒரு போடு போட்டாரே!

தேரிக்காட்டான்:
அதே ஆள்தான் திருவாசகத்தையும் முழுசாக ஆங்கிலத்தில் கொடுத்தார். உங்கள் சைவ மடங்களில் யார் செய்தது?

பழையஏடு:
இரண்டு பேரும் பேச்சை மாற்றாதீர்கள். திருவாசகக் கதை எனக்கும் பிடிக்கும். பேலியல் முற்றத்தில் அந்தக் கல்லூரித் தலைவர் ஜோவெட்டோடு நடக்கும்போது, இந்த வயதில் முடிப்பேனா என்று போப் தயங்கினார். பெரிய வேலை கையில் இருந்தால் ஆயுசு நீளும், முடிக்கும்வரை இருப்பீர் என்றார் ஜோவெட். இதை எழுதிவைத்தவர் போப்பே. முன்னுரையில் தேதி 1900 ஏப்ரல் 24, அவருடைய எண்பதாவது பிறந்தநாள். அந்த ஜோவெட்டும் அதே தோட்டத்தில்தான் அடக்கம். இப்படி நிஜமே அழகாக இருக்கும்போது, இல்லாத வரியை எதற்குச் செதுக்குகிறீர்கள்?

தேரிக்காட்டான்:
உயிலில் கேட்டுக்கொண்டார், செதுக்காமல் விட்டுவிட்டார்கள். போதுமா?

பழையஏடு:
உயிலைக் காட்டுங்கள். இல்லையென்றால் கல்லைக் காட்டுங்கள். நேற்று 'செதுக்கியிருக்கிறது', இன்று 'கேட்டுக்கொண்டார்'. நாளைக்கு மனதில் நினைத்தார் என்பீர்கள்.

தேரிக்காட்டான்:
1968இல் மெரினாவில் சிலை வைத்தவர்களெல்லாம் விவரம் கெட்டவர்களா?

பழையஏடு:
சிலையையா கேட்டேன்? கல்லறைக் கல்லைக் கேட்டேன். கல்லில் இல்லை.

மலைக்கோட்டை:
பிரம்புக்கு இன்னும் ஒருவரும் வாய் திறக்கவில்லை, கவனித்தீர்களா?

தேரிக்காட்டான்:
உங்களுக்கும் அவர் வாத்தியாராக இருந்திருக்க வேண்டும். படத்தை எடுக்க மாட்டோம் அண்ணாச்சி, ஆனதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழையஏடு:
கல்லில் இல்லை.